‘நோயால் இறந்தது’ — எந்த நோயால்?

கூட்டுறவுச் சங்கமொன்றைப் பரிசீலிக்கச் செல்லும் இன்ஸ்பெக்டர் முதற்கண் கேட்டு வாங்குவது தவணை தவறிய கடன்களின் பட்டியலாகும். கடன் நிலுவையில் நிற்பதற்குக் காரணம் யாது என்பதை அப்பட்டியலின் கடைசிப் பத்தியில் காரியதரிசி எழுதியிருப்பார். கறவை மாட்டுக் கடன்களைப் பொறுத்தமட்டில் அங்கே பெரும்பாலும் ஒரே வாசகந்தான் காணப்படும்: ‘மாடு நோயால் இறந்தது.’ நானும் அதன்கீழ் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவேன். பல ஆண்டுகள் இங்ஙனமே செய்து வந்தேன். நான் பொருளாதாரம் பயின்று பட்டம் பெற்றவன். கால்நடை வைத்தியம் கற்றவன் அல்லேன். எனினும் தறி நின்றுவிட்டது என்று எழுதியிருந்தால், நூல் கிடைக்கவில்லையா, துணி விற்கவில்லையா, நெசவாளிக்கு உடல்நலம் குன்றியதா என்று துருவிக் கேட்கும் நான், மாடு இறந்தது என்றால் மட்டும் ‘நோய்’ என்ற ஒரு சொல்லோடு திருப்தியடைந்தது ஏன் என்பது இன்று எனக்கே விளங்கவில்லை.

அந்தத் திருப்தியைக் கலைத்தது எனது சரகத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் நடந்த நிகழ்ச்சி. நெசவாளர் தெரு ஒன்றும், அதைச் சூழ மானாவாரிச் சோளம் விதைக்கும் குடியானவர் வளவுகளும் கொண்ட ஊர் அது. அவ்வாண்டு ஆடியிலும் ஆவணியிலும் மழை பொய்த்தது. சோளப்பயிர் முழங்கால் உயரத்திலேயே வாடி நின்றது. புரட்டாசியில் திடீரென்று நல்ல மழை பெய்தது. கருகிய தூர்களிலிருந்து பசும் பக்கக் கிளைகள் வெடித்துக் கிளம்பின. குடியானவர் ஒருவரின் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு அந்தப் பயிருக்குள் புகுந்தது. அரைமணி நேரத்திற்குள் வயிறு உப்பி, மூச்சுத் திணறி, கால்களை உதைத்துக்கொண்டு விழுந்து இறந்தது. சங்கக் கடனில் வாங்கிய மாடு, காப்பீடும் இருந்தது. கால்நடை மருத்துவர் வந்து பிணத்தை அறுத்துப் பார்த்தார். இரத்தம் செக்கச் செவேலென்றிருந்தது. வயிற்றில் மெல்லாத சோளத்தளிர் இருந்தது. சோளப்பயிர் நச்சு என்று சான்று எழுதிக் கொடுத்தார். இதில் தவறு ஏதுமில்லை.

மூன்றாம் நாள் நெசவாளர் தெருவில் ஒரு விதவை அம்மையாரின் பசு இறந்தது. அதுவும் திடீர்ச் சாவுதான். அதற்கும் வயிறு உப்பியிருந்தது. ஏரிக்கரையில் மேய்ந்துவிட்டு வந்த மாடு அது. சோளக்காட்டின் பக்கமே போனதில்லை. ஆயினும், முன்னது சோளத்தால் செத்தது என்றால் இதுவும் அதனால்தான் என்று ஊரார் தீர்மானித்துவிட்டனர். “சோளத்தட்டுத் தின்னு மாடு சாகறது நம்மூருக்குப் புதுசுங்களா?” என்று அந்த அம்மையாரே பிறகு என்னிடம் சொன்னார். போன மாட்டை அறுத்துப் பார்த்தல்லவா சான்று கொடுத்தார்கள், இதையும் அறுத்து வைத்தால் மருத்துவருக்கு வேலை மிச்சம் என்று எண்ணி, இருவர் கத்தி எடுத்துத் தோலையுரித்து வயிற்றையும் திறந்துவிட்டார்கள். மருத்துவர் வந்து சேர்ந்தபோது மூக்கிலிருந்தும் ஆசனவாயிலிருந்தும் கறுத்த இரத்தம் உறையாமல் வடிந்துகொண்டிருந்தது. அவர் பத்தடி தூரத்திலேயே நின்று, எல்லோரையும் விலகச் சொல்லிக் கூவினார். ஒரு கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு இரத்தத்தைத் தடவி எடுத்துச் சென்று உருப்பெருக்கியில் பார்த்தார். அடைப்பான்.

வாசகர்களிடம் நான் சொல்ல விரும்புவது இவ்வளவே: ஒரே வாரம், ஒரே மழை, ஒரே தோற்றமுள்ள சாவு, ஆனால் காரணம் இரண்டு. முதல் மாட்டைத் திறந்து பார்த்தது சரி. இரண்டாவதைத் திறந்தது பெரும் ஆபத்து. காரணத்தை அறியாமல் செய்யும் காரியம் நன்மையாகவும் முடியலாம், கேடாகவும் முடியலாம்.

அடைப்பான் என்பது ஒரு கிருமியால் வருவது. ஒரு குறிப்பிட்ட கிருமிதான் ஒரு குறிப்பிட்ட நோயை உண்டாக்குகிறது என்பதை ஜெர்மானிய வைத்தியர் இராபர்ட் காக் 1876இல் முதன்முதலாக ஐயந்திரிபற நிரூபித்தது இந்த நோயைக் கொண்டேயாம். 1881இல் பிரான்சு நாட்டில் லூயி பாஸ்டர் ஆடுகளுக்கு அடைப்பான் தடுப்பூசி போட்டு, ஊரறியச் சோதனை நடத்தி வெற்றி கண்டார். இந்தக் கிருமிக்கு ஒரு வினோத சக்தி உண்டு. உயிருள்ள மாட்டின் உடலுக்குள் இருக்கும் வரையில் அது சாதாரணக் கிருமியாகவே பெருகுகிறது. பிணத்தைத் திறந்து காற்றுப் படவிட்டால், விதையைப் போன்று கெட்டியான ஓட்டுக்குள் தன்னை அடக்கிக்கொள்கிறது. அவ்விதை வெயிலுக்கும் வறட்சிக்கும் அஞ்சுவதில்லை. மண்ணிலே பல பத்து ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். பஞ்சத்திற்குப் பிறகு மழை பெய்து, புல் தரையோடு தரையாக முளைத்திருக்கும் காலத்தில், மண்ணோடு சேர்த்துப் புல்லைக் கரண்டும் மாட்டின் வயிற்றுக்குள் சென்று மீண்டும் உயிர் பெறும். சோளத்தில் நஞ்சு ஏறியதும், ஏரிக்கரையில் அடைப்பான் கிளம்பியதும் அதே பருவத்தில் நிகழ்ந்தது தற்செயல் அன்று என்பதை இதனால் அறியலாம்.

திறக்காத பிணத்தினுள் அழுகல் தொடங்கும்போது இக்கிருமி பெரும்பாலும் தானே மடிந்துவிடுகின்றது. ஆதலால் அறுக்காமல், உரிக்காமல், இழுத்துச் செல்லாமல், இறந்த இடத்திற்கு அருகிலேயே ஆறடி ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைப்பதே விதி. நமது கிராமத்தில் அவ்விதி காலம் கடந்து நிறைவேறியது. கத்தி எடுத்த இருவரையும் அரசினர் மருத்துவமனைக்கு அனுப்பினோம். அவர்களில் ஒருவருக்குச் சில நாட்களில் முன்கையில் ஒரு கொப்புளம் எழுந்து, நோவில்லாத புண்ணாகி, நடுவே கரித்துண்டு ஒட்டியது போலக் கறுத்தது. கரி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே இந்நோய்க்கு ஆங்கிலப் பெயர் வந்தது என்பது அவர் புண்ணைப் பார்த்த பின்னரே எனக்கு மனத்தில் பதிந்தது. உரிய காலத்தில் மருந்து கிடைத்ததால் அவர் பிழைத்துக்கொண்டார். ஊரிலுள்ள ஏனைய மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் தடுப்பூசி போடப்பட்டது. இதற்கிடையே ஏரிக்கரையில் மேய்ந்த இன்னொரு கன்றும் இறந்தது. அதை எவரும் தொடவில்லை.

சோளத்தின் கதை வேறு. அங்கே கிருமியே கிடையாது. வளர்ச்சி தடைப்பட்ட இளஞ்சோளத்திலும், அறுவடைக்குப் பின் தழைக்கும் மறுதாம்பிலும் ஒரு பொருள் இருக்கின்றது. அது மாட்டின் வயிற்றில் பிரிந்து கொடிய நஞ்சாக மாறுகின்றது. மரவள்ளி இலையிலும் கிழங்கின் தோலிலும் உள்ளது இதே நஞ்சுதான். இது இரத்தத்தில் கலந்தால் உடலின் அணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்த முடியாமற் போகின்றன. இரத்தம் பிராணவாயு நிறைந்து செக்கச் சிவந்திருக்க, மாடு மூச்சு முட்டி இறக்கிறது. உடனே கண்டுகொண்டால் ஊசி மூலம் மாற்று மருந்து செலுத்திக் காப்பாற்றலாம். ஆனால் நேரம் நிமிஷக் கணக்கில்தான் இருக்கிறது. பூத்து முற்றிய சோளத்திலும், அறுத்து நன்கு உலர்த்திய தட்டிலும் அபாயம் மிகக் குறைவு. இது ஒட்டுவார் ஒட்டியன்று. பக்கத்து மாட்டுக்குத் தடுப்பூசியும் வேண்டியதில்லை. வேலி அடைத்தால் போதும்.

கிருமிகளால் வரும் நோய்களில் நமது பக்கத்தில் மழைக்காலத்தை ஒட்டி வருவன இன்னும் இரண்டு உண்டு. தொண்டை அடைப்பானில் கடுஞ்சுரத்தோடு தொண்டையும் கழுத்தும் வீங்கும். எருமைகள் இதற்கு எளிதில் பலியாகும். சப்பை நோயோ கொழுகொழுவென்று வளர்ந்த இளங்கன்றுகளைத் தேடிப் பிடிக்கும். தொடைச் சப்பையில் எழும் வீக்கத்தைத் தடவினால் உள்ளே காற்று நொறுநொறுவென்று ஒலிக்கும். செம்மறியாடுகளுக்கு மழைக்குப்பின் புதுப்புல் மேய்ந்ததும் வரும் துள்ளுமாரியும் இவ்வினத்தைச் சார்ந்ததே. மூன்றுக்கும் தடுப்பூசி இருக்கிறது. மழைக்கு முன் போடவேண்டும். நோய் கண்டபின் ஓடுவதில் பயன் சொற்பம்.

கிருமியினும் நுண்ணிய நச்சுயிரிகள் மற்றொரு வகுப்பு. வாயிலும் குளம்பிடுக்கிலும் புண் உண்டாக்கும் கோமாரி, இத்தகைய நச்சுயிரியால் வருவதென்று ஜெர்மனியில் 1898இல் கண்டனர். பெனிசிலின் முதலிய மருந்துகள் நச்சுயிரியை ஒன்றும் செய்யா. புண்ணில் வேறு கிருமி ஏறாமல் காக்கவே அவை உதவும். இதை அறியாத அங்கத்தினர் சிலர், ‘விலையுயர்ந்த ஊசி போட்டும் கேட்கவில்லை’ என்று மருத்துவரை நொந்துகொள்வதைக் கேட்டிருக்கிறேன். கோமாரி நச்சுயிரியில் ஒன்றுக்கொன்று உதவாத 7 வகைகள் உலகில் உண்டு. நம் நாட்டில் தடுப்பூசியில் சேர்ப்பது அவற்றுள் 3. ஊசியின் வலிமையும் சில மாதங்களில் தளர்கிறது. 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு இருமுறை கோமாரி ஊசி என்று வகுத்ததற்குக் காரணம் இதுவே. ‘போன தடவை போட்டாயிற்று, போதும்’ என்று மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் மறைவது வீண் சாமர்த்தியம்.

ஊசியினால் என்ன சாதிக்கலாம் என்பதற்கு வெக்கை நோயைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. நம் பாட்டனார் காலத்தில் வெக்கை வந்தால் தொழுவமே காலியாகும். 1920களில் முக்தேசுவர ஆராய்ச்சி நிலையத்தில் எட்வர்ட்ஸ் என்பவர், நச்சுயிரியை ஆட்டின் உடலில் மீண்டும் மீண்டும் செலுத்தி வலுக்குறைத்து ஒரு தடுப்பு மருந்து கண்டார். நமது மாநிலத்தில் இராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்துகள் தயாராகி வருகின்றன. 1954இல் நாடு முழுவதும் வெக்கை ஒழிப்புத் திட்டம் ஆரம்பமாயிற்று. ஊர் ஊராக, மாடு மாடாக, நாற்பதாண்டு வேலை நடந்தது. இந்தியாவில் கடைசியாக அந்நோய் காணப்பட்டது 1995இல். 2011இல் உலகத்தினின்றே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்கு அடுத்து, மண்ணுலகிலிருந்து அறவே நீங்கிய நோய் இது ஒன்றுதான். கோமாரியைப் போல் அன்றி, வெக்கையில் ஒரு ஊசிக்கு அடங்கும் ஒரே வகை நச்சுயிரி. பிழைத்த மாடு அதைச் சுமந்து திரிவதுமில்லை. காரணத்தின் இயல்பே வைத்தியத்தின் வெற்றியை நிர்ணயிக்கிறது.

ஒன்று போயிற்று என்று நிம்மதியாயிருக்க இயற்கை விடுவதில்லை. தோலெங்கும் கழலை எழுப்பும் தோல் கழலை நோய் 2019இல் ஒடிசாவில் முதன்முதல் நம் நாட்டுக்குள் தலைகாட்டியது. 2022இல் இராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் மாடுகளைப் பெருவாரியாகக் கொன்றது. ஈயும் கொசுவும் உண்ணியும் அதனைச் சுமந்து செல்கின்றன. அது ஆட்டம்மையின் உறவு நோயாதலால் ஆட்டம்மைத் தடுப்பூசியையே மாட்டுக்குப் போட்டுச் சமாளித்தனர்.

உண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. உண்ணி இரத்தம் குடிப்பதோடு நில்லாமல் நோயையும் ஏற்றுகிறது என்பதை அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் ஆகிய இருவரும் 1893இல் வெளியிட்டனர். கொசுவால் மலேரியா வருவதைக் கண்டுபிடித்ததற்குச் சில ஆண்டுகள் முந்தியது இது. நாட்டு மாடுகள் உண்ணிக் காய்ச்சலை ஓரளவு தாங்கும். கலப்பினப் பசு தாங்காது. கடனில் வாங்கப்படுபவை அநேகமாகக் கலப்பினப் பசுக்களே. மாட்டின் மேல் மட்டும் மருந்து தெளித்துவிட்டுத் தொழுவத்துச் சுவர் வெடிப்புகளை விட்டுவிட்டால், அங்கே முட்டையிட்டுப் பொரித்து உண்ணி மீண்டும் ஏறும். ஏரியோரத்தில் மேயும் ஆடுகளுக்குத் தாடையின் கீழ் பை போல் நீர் தொங்கினால், நத்தையின் வழியாக வளர்ந்து புல்லில் ஒட்டியிருந்த தட்டைப்புழு ஈரலில் குடியேறியிருக்கிறதா என்று சாணத்தைச் சோதிக்க வேண்டும்.

இனி, எந்தக் கிருமியும் புழுவும் இன்றி நாமே உண்டாக்கும் நோய்கள். நெசவாளர் தெருவில் இவை மிகுதி என்பது என் அனுபவம். பசு தீனியை முதலில் மென்று விழுங்குவதில்லை. வாரி விழுங்கிவிட்டுப் பிறகே அசை போடுகின்றது. தறிக்கொட்டகையில் கூட்டிய குப்பையில் கிடக்கும் கம்பித் துண்டு, ஊசி, ஆணி ஆகியவை அப்படியே உள்ளே போய் இரண்டாம் இரைப்பையில் தங்கும். அவ்விரைப்பைக்கும் நெஞ்சுக்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய திரைதான். சினை முற்றி வயிறு நெருக்கும்போது கம்பி திரையைத் துளைத்து இருதயத்தில் குத்தும். கழிவு நூலும் பிளாஸ்டிக் பையும் கட்டிக்கட்டியாகத் திரண்டு வயிற்றை அடைப்பதும் உண்டு. சாயத் தொட்டியில் காஸ்டிக் சோடா கரைத்து மூடாமல் விட்டிருந்த ஒரு வீட்டில், கன்று வாய் வைத்து நாக்கு வெந்துபோயிற்று. தெருவார் கோமாரி என்று அஞ்சித் தத்தம் மாடுகளை வேறூருக்கு ஓட்டலாயினர். மெய்யாகவே கோமாரியாயிருந்தால் அவ்விதம் ஓட்டியதே ஊரூராகப் பரப்பியிருக்கும்!

பாவடியில் பாவுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சியை அண்டாவோடு பசுவின் முன் வைப்பதும் வழக்கம். பழக்கமில்லாத மாட்டுக்கு மாவுப் பண்டத்தை ஒரே வேளையில் மிகுதியாகக் கொடுத்தால் வயிறு புளித்துப்போய், அப்புளிப்பு இரத்தத்திலும் ஏறி, இரண்டொரு நாளில் மாடு படுத்துவிடும். கஞ்சியில் பூஞ்சணம் பிடியாதிருக்க மயில்துத்தம் கலந்திருந்தால் செம்மறியாட்டுக்கு அது நஞ்சேயாகும். மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியால் தாம்பாளம் தாம்பாளமாகச் சர்க்கரைப் பொங்கலை ஊட்டி, மறுநாள் மருத்துவரைத் தேடி ஓடும் குடும்பங்கள் ஆண்டுதோறும் உண்டு. அன்புக்கு ஒரு கைப்பிடி போதுமே!

கன்று ஈன்ற இரண்டு மூன்று நாளில் நல்ல கறவைப் பசு எழுந்திருக்க முடியாமல், கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு, காது சில்லிட்டுக் கிடக்கும். ‘பால் காய்ச்சல்’ என்று பெயர். ஆனால் காய்ச்சலே இராது. சீம்பாலில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று இறங்கிவிடுவதால் வருவது. நரம்பில் சுண்ணாம்புச் சத்து மருந்து ஏற்றினால், செத்தது என்று கைவிட்ட பசு பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து நிற்கும். நான் நேரில் கண்ட வைத்திய அதிசயம் இஃதொன்றே. பேயோட்டியபின் வைத்தியரைக் கூப்பிடலாம் என்று ஒரு நாள் தாமதித்து இழந்த பசுவும் என் பதிவேட்டில் உண்டு. அதற்கெதிரேயும் ‘நோயால் இறந்தது’ என்றே எழுதியிருந்தது.

அந்தக் கிராமத்துச் சங்கத்தில் இப்போது கடைசிப் பத்தியை விரித்து எழுதுகிறார்கள். இறப்பதற்கு முந்திய நாள் மாடு என்ன தின்றது, எங்கே மேய்ந்தது, சுரம் இருந்ததா, எத்தனை மணி நேரத்தில் இறந்தது, கடைசியாக எப்போது என்ன ஊசி போட்டது, பார்த்த மருத்துவர் சொன்ன காரணம் யாது என்ற ஆறு கேள்விகளை காரியதரிசியும் நானும் எழுதி வைத்தோம். பத்தி போதாமல் தனித்தாள் ஒட்டுகிறார்கள். முதல் குடியானவருக்குக் காப்பீட்டுத் தொகை வந்து கடன் தீர்ந்துவிட்டது. நெசவாளர் தெரு அம்மையாருக்கு வரவில்லை. அடைப்பான் என்பதற்குச் சான்று இருந்தும், மாட்டின் காதிலிருந்த வில்லை கழன்று விழுந்ததைத் தெரிவித்து மாற்றிக்கொள்ளாததால் மனு நிராகரிக்கப்பட்டது. வில்லை விழுந்ததை அவர் சங்கத்தில் சொல்லியிருக்கிறார். சங்கத்தில் எழுதி அனுப்பவில்லை. அந்த ஆண்டு அச்சங்கத்தைப் பரிசீலித்தவன் நான். அதை நானும் கவனிக்கவில்லை. கடனைத் தவணை நீட்டித்திருக்கிறோம். அவர் நெய்த சேலைக் கூலியிலிருந்து மாதந்தோறும் கட்டி வருகிறார்.

ஏரிக்கரையில் மாட்டைப் புதைத்த இடத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, மேய்க்கக் கூடாது என்று பலகை நட்டிருக்கிறது. செலவைப் பொதுநல நிதியில் எழுதினார்கள். செத்த மாட்டுக்கு வேலி எதற்கு என்று தணிக்கையாளர் ஆட்சேபணை எழுப்பியிருக்கிறார். அடைப்பான் விதை மண்ணில் எத்தனை ஆண்டு கிடக்கும் என்பதை விளக்கிப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.